ரிஜெக்ட் மேடம் ஒப்புக்கொண்ட பக்கம்

திருச்சி மாவட்டத்தில் செல்போன் வைத்திருக்கும் அத்தனை பேரிலும், 'நான் ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை, அதற்கு மேலே எழுதியிருப்பதை முழுக்கப் படித்துவிட்டு அழுத்திய ஒரே மனுஷி எங்கள் ரிஜெக்ட் மேடம்தான். அதையும் ஏதாவது சோதனைக்காகத்தான் அழுத்தியிருப்பார். மற்ற நேரமெல்லாம் கடைசி வரி வரை படித்து, "ஒப்புக்கலை" என்று வாய்விட்டுச் சொல்லி, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்வீட் கடையின் மாடியில் நாங்கள் ஒரு வெப்சைட் நடத்திக்கொண்டிருந்தோம். செல்போன் காலத்தில் நம் அந்தரங்கத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று எளிய தமிழில் சொல்லும் சைட். கம்ப்யூட்டர் வேலை சலீமுக்கு, எழுத்து வேலை எனக்கு. மேடம் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ரிட்டயரானவர். கே.கே. நகரில் தனியாக இருந்தார். "வீட்ல சும்மா உக்கார முடியலைங்க" என்று வந்தவருக்கு, வெளியார் நடத்தும் சைட்டுகள், ஆப்புகளில் எவற்றை நாங்கள் வாசகர்களுக்குப் பரிந்துரைக்கலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலையைக் கொடுத்தோம். அந்தப் பக்கத்துக்கு 'வெளியே யாரை நம்பலாம்?' என்று தலைப்பும் போட்டாயிற்று.

யாரையும் நம்பக்கூடாது என்பது மேடத்தின் தீர்மானம்.

முதலில் வந்தது ஒரு பிரபலமான பாதுகாப்புக் கையேடு. படிப்பதற்கு முன்னால் ஈமெயிலும் போன் நம்பரும் கேட்டது. "திருடன் வரான், கதவைப் பூட்டிக்கோன்னு சொல்றதுக்கு வீட்டுச் சாவியைக் கேக்கிறான். ரிஜெக்ட்!"

அடுத்தது ஒரு வீடியோ. நல்ல பாஸ்வேர்டு எப்படி அமைப்பது என்று ஒருவர் அருமையாகப் பாடம் நடத்தினார். நானும் சலீமும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். மேடம் திரையில் விரலை வைத்தார். "அவருக்குப் பின்னாடி சுவத்தைப் பாருங்க." மஞ்சள் தாளில் அவருடைய வைஃபை பாஸ்வேர்டு ஒட்டியிருந்தது.

அவர் தள்ளிய காரணங்கள் எல்லாம் இப்படி நியாயமாகவே இருந்தன என்று சொல்ல முடியாது. ஒரு நல்ல சைட்டை, அதை நடத்துகிறவர் போட்டோவில் அளவுக்கு மீறிச் சிரிக்கிறார் என்பதற்காகத் தள்ளினார். இன்னொன்றில் எவ்வளவு தேடியும் குறை கிடைக்கவில்லை. "குறையே இல்லைன்னா நாம சரியாப் பாக்கலைன்னு அர்த்தம். ரிஜெக்ட்."

அவருடைய பிரம்மாஸ்திரம் வேறு. ஒவ்வொரு சைட்டிலும் ஒவ்வொரு பெயரில் பதிவு செய்வார். ஒன்றில் பஞ்சவர்ணம், ஒன்றில் உலகநாயகி, ஒன்றில் மரகதவல்லி. பிறகு போன் வருவதற்காகக் காத்திருப்பார். ஒருநாள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வந்தது.

"ஹலோ, பஞ்சவர்ணம் மேடமா? உங்களுக்கு பர்சனல் லோன்..."

மேடத்தின் முகத்தில் லாட்டரி விழுந்த மகிழ்ச்சி. "மாட்டினான்! பஞ்சவர்ணத்தை நான் ஒரே ஒரு எடத்துலதான் குடுத்தேன். அங்கேருந்துதான் நம்பரை வித்திருக்கான்!" என்றவர், லோன் பையனிடம் "ரொம்ப தேங்க்ஸ் தம்பி, நல்லா இருங்க" என்று வாழ்த்திவிட்டு வைத்தார். அவன் வாழ்க்கையில் யாரும் அப்படி வாழ்த்தியிருக்க மாட்டார்கள்.

எங்களிடமும் அவர் சொந்தப் பெயரைச் சொன்னதில்லை. சலீம் கேட்டபோது, "எதுக்குத் தம்பி? கூப்பிட்டா திரும்பிப் பாக்கிறேன்ல, போதாதா?" என்றார். அதனால்தான் ரிஜெக்ட் மேடம்.

ஒரு சனிக்கிழமை அவர் எங்கள் சைட்டையே தள்ளிவிட்டார். அழகுக்காக சலீம் போட்டிருந்த எழுத்துரு வெளியே ஒரு கம்பெனியிடம் இருந்து வருகிறதாம். எங்கள் பக்கத்தை யார் திறந்தாலும் அந்தக் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமாம். சலீமுக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், மாசக்கணக்கா அந்தப் பக்கத்துல 'விரைவில்'னு மட்டும்தான் இருக்கு. இப்ப நம்ம சைட்டும் ரிஜெக்டா? அப்ப நாம எதுக்குங்க இருக்கோம்?"

"தப்பானதைச் சொல்றதுக்கு சொல்லாமலே இருக்கலாம்."

அடுத்த வாரம் ஆபீஸ் போன் அடித்தது. மேடம்தான் எடுத்தார், பழக்கப்படி ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண். உப்பிலியபுரத்திலிருந்து வந்து, திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பழகிய பையன் ஒருவன், அவளுடைய படத்தை எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறான். வீட்டில் சொல்லப் பயம்.

"உங்க சைட்ல 'வெளியே யாரை நம்பலாம்'னு பாத்தேன் மேடம். 'விரைவில்'னு போட்டிருக்கு." அழுகையை விழுங்கிக்கொண்டு கேட்டாள். "விரைவில்னா எப்ப மேடம்?"

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இப்ப எங்கம்மா இருக்கே?"

"சத்திரம் பஸ் ஸ்டாண்டுல."

"அங்கேயே, கூட்டமா இருக்கிற எடத்துல நில்லு. வரேன்." கைப்பையை எடுத்தார். "சலீம், அந்த ஆட்டோ ஆப்புல ஒரு வண்டி கூப்பிடு."

சலீம் திகைத்தான். "மேடம், அது நீங்க எங்கே போறீங்கன்னு எல்லாத்தையும்..."

"கூப்பிடுறியா இல்லையாடா!"

நானும் கூடவே ஓடினேன். ஆட்டோக்காரர் போனைப் பார்த்துவிட்டு, "சலீமுங்களா?" என்றார். "ஆமா, கிளம்புங்க" என்றார் மேடம், கண் இமைக்காமல்.

அந்தப் பெண் டீக்கடை ஓரமாக நின்றிருந்தாள். தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். "பேரெல்லாம் வேண்டாம். சாப்பிட்டியா?" என்றார் மேடம். இட்லி வாங்கிக் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை. அப்புறம் சைபர் கிரைம் போலீசுக்குப் போனோம். அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "கூட வந்திருக்கிற நீங்க யாரும்மா?" என்றார்.

நான் மேடத்தைப் பார்த்தேன். இப்போது உலகநாயகி வருவாளா, மரகதவல்லி வருவாளா?

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் சொந்தப் பெயர், கே.கே. நகர் வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். "எப்ப வேணாலும் கூப்பிடுங்க. இந்தப் பொண்ணுக்கு நான் இருக்கேன்." அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தப் பத்திரிகையையும் ரிஜெக்ட் செய்துவிடுவார்.

பையனை அழைத்து விசாரித்தார்கள். அவன் போனைக் கைப்பற்றினார்கள். படம் வெளியே போகவில்லை. அந்தப் பெண் பரீட்சை எழுதினாள்.

போலீசுக்குப் போய் வந்த மறுநாள் காலையே மேடம் எங்களுக்கு முன்பே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். "பக்கத்தை இன்னிக்கே போட்டுடணும்." முதலில் போலீசின் சைபர் உதவி எண். அடுத்து, தள்ளி வைத்தவற்றிலிருந்து தேறிய சில. ஒவ்வொன்றுக்கும் கீழே, அது எதற்கு நல்லது, எங்கே இடிக்கிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அளவுக்கு மீறிச் சிரித்தவருக்கும் இடம் கிடைத்தது.

"குறையைச் சொல்லிக்கிட்டே பரிந்துரையா மேடம்?" என்றான் சலீம்.

"குறை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். மறைச்சாத்தான் தப்பு. அவசரத்துல வர்றவங்க வெறுங்கையோட போகக்கூடாது தம்பி."

சலீமும் அன்றே எழுத்துருவை மாற்றினான். சைட் பார்க்கக் கொஞ்சம் அசிங்கமானது. மேடம் திருப்தியாகத் தலையாட்டினார்.

அந்த வேலையை விட்டு நான் வந்து நாளாகிறது. போன மாசம் காய்ச்சலில் படுத்திருந்தபோது, தூக்குவாளியில் ரசம் சாதத்தோடு வந்து நின்றார். போனில் இருந்த மருந்துச் சீட்டைக் காட்டுவதற்காக நான் அதைத் திறக்கப் போனேன். உடனே அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, நான் பாஸ்வேர்டு அடித்து முடிக்கும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரியத்தோடு முகம் பார்த்தவர்கள் எனக்குப் பலர் உண்டு. பிரியத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.