உலகம் அழிந்த பின் சம்பந்தி கவனிக்க வேண்டியவை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் வீட்டுக்காரி, பழுதுக்கு வந்து வரிசையில் நிற்கும் ஆறு பிரிட்ஜுகள் எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மருந்துக் கடைக்காரரிடம் சுகமா என்று கேட்பது முறையா என்று தெரியவில்லை. எல்லாரும் சுகமாக இருந்துவிட்டால் உங்களுக்கு வேலை ஏது?

முதலில் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது கூட்டிச் சொல்லிவிடுவார்கள். போன சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, முன்னறை ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, "சுடாதீங்க! சுடாதீங்கய்யா! நான் வெறும் பிரிட்ஜ் மெக்கானிக்!" என்று கத்தியிருக்கிறேன். காதில் ஹெட்போன் இருந்ததால் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் காவலாளியை ஒரு கையிலும் துடைப்பத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். என் வீட்டுக்காரி கதவைத் திறந்து, "ஒண்ணுமில்லைங்க, உலகம் அழிஞ்சு போச்சு, அதுல இவரு மாட்டிக்கிட்டாரு, நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அவர் என்னைப் படிக்கட்டில் பார்த்தால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறார்.

எல்லாம் அந்த விளையாட்டால் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் போனில் சொன்னேனே, அதேதான். நீங்கள் "சனிக்கிழமையா?" என்று ஒன்று கேட்டீர்கள், பிறகு "விளையாடற வயசா சம்பந்தி நமக்கு?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தத் தடவை கடிதம். கடிதத்தை வைத்தாலும் மேசைமேல்தானே வைப்பீர்கள், என்றைக்காவது கண்ணில் படும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகளும் உங்கள் மகனும் அந்தத் தூர ஊரில் இருந்துகொண்டு சனிக்கிழமை மத்தியானங்களில் கம்ப்யூட்டரில் இதை விளையாடுகிறார்கள். பெரிய குண்டு வெடித்து உலகமே இடிந்து கிடக்கிறது. அந்த இடிபாட்டுக்குள் நாமும் ஒரு ஆளாக நுழைந்து, தண்ணீர் தேடி, தகரம் பொறுக்கி, முகாம் போட்டு, பிழைத்துக் கிடக்க வேண்டும். ஒரு குழுவுக்கு நாலு பேர். மகள், மாப்பிள்ளை, நான். நாலாவது இடம் காலி. மகளின் ஆபீஸ் தோழி ஒருத்தி வருகிறேன் என்றாளாம், மாப்பிள்ளை விடவில்லை. "ஆள் வருவாங்க" என்றாராம். யார் என்று நான் கேட்கவில்லை. பதினாலு மாதமாக அவரிடம் பேசாத ஆள் ஒருவர்தானே இருக்கிறார். கடை போர்டில் "மற்றும் மகன்" என்று எழுதி முடித்த அதே வாரத்தில் மகன், "எனக்குக் கம்ப்யூட்டரில் படம் போடுகிற வேலைதான் வேண்டும்" என்று கிளம்பினால் எந்தத் தகப்பனுக்கும் வயிறு எரியும், நான் உங்கள் பக்கம்தான். ஆனால் போன மாதம் பஸ்ஸில் உங்கள் கடையைத் தாண்டும்போது பார்த்தேன். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் வெள்ளை அடித்திருக்கிறீர்கள். வெள்ளைக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிகிறது. ஒரே ஒரு பூச்சோடு நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது.

ஆகவே நீங்கள் வர வேண்டும். புதியவருக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று, பட்டுத் தெரிந்துகொண்டவன் என்கிற தகுதியில் எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே பெயர் கேட்கும். அங்கே அவசரப்படாதீர்கள். நான் மகளிடம், "என்ன பேரும்மா போடறது?" என்று கேட்டேன். அவள் ஏதோ வேலையாக, "நாங்க கூப்பிடற பேரையே போடுங்க" என்றாள். நானும் யோசிக்காமல் "அப்பா" என்று தட்டிவிட்டேன். இனி மாற்ற முடியாதாம். அதனால் அந்த உலகத்தில் மிச்சமிருக்கிற திருடன், கொள்ளைக்காரன், அரைப் பைத்தியம் எல்லாருக்கும் நான் அப்பா. "அப்பா, பையக் கீழ போடு!" என்று ஒருவன் துப்பாக்கியை நீட்டுகிறான். பெற்ற பிள்ளை கேட்ட மாதிரி இருக்கிறது, மறுக்கவும் முடியவில்லை.

அடுத்து பலம், புத்தி, பேச்சு, அதிர்ஷ்டம் என்று வரிசையாகக் காட்டி, கொடுத்த புள்ளிகளைப் பிரித்துப் போடச் சொல்லும். நான் எல்லாவற்றையும் பலத்தில் கொட்டினேன். பின்னால் நின்று பார்த்த என் வீட்டுக்காரி, "புத்திக்கு எவ்வளவு போட்டீங்க?" என்றாள். "மிச்சம் இருந்தா போடறேன்" என்றேன். "வழக்கம்போலத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பலன் என்ன ஆயிற்று தெரியுமா? நல்லவர்கள் வாழும் ஒரே ஊரின் கதவில் நின்ற கிழவி என்னிடம் மூன்று கேள்வி கேட்டாள், மூன்றுக்கும் புத்தியும் பேச்சும் இல்லாத என் ஆளுக்குச் சொல்ல வந்த ஒரே பதில் "ம்?" என்பதுதான். உள்ளே விடவில்லை. நீங்கள் பேச்சுக்குக் கொஞ்சம் போடுங்கள். தப்பாக நினைக்காதீர்கள், வெளியிலும் அதில் உங்களுக்குக் குறைவுதான்.

மூட்டை விஷயத்தில் என்னைப் போல் இருக்காதீர்கள். கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள், அங்கேதான் ஆளைக் கவிழ்க்கிறார்கள். பாரம் கூடினால் ஓட முடியாது, சவம் மாதிரி நடக்க வேண்டும். என் பையில் ஒரு சமயம் பதினொரு கரண்டி, ஒரு சைக்கிள் சக்கரம், மூன்று பிரிட்ஜ் மோட்டார் இருந்தன. "அப்பா, அந்த மோட்டார் எதுக்கும் உதவாது, கீழ போடுங்க" என்று மகள் கெஞ்சுகிறாள். "நல்ல மோட்டாரும்மா, உள்ளே கம்பிச் சுத்துதான் போயிருக்கும்" என்கிறேன் நான். ஓநாய் மாதிரி ஒன்று வந்தது, அவர்கள் இருவரும் ஓடிவிட்டார்கள், நான் மோட்டாரோடு செத்தேன். இன்னொன்றும் சொல்கிறேன், இடிந்த வீடுகளில் பிரிட்ஜ் இருக்கும். திறந்து பார்த்து மூடிவிட வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருஷக் கை கேட்கிறதா? நான் பின்பக்கம் போய்க் குனிந்துவிடுகிறேன். போன சனிக்கிழமை கூச்சல் போட்டதும் அப்படிக் குனிந்திருந்தபோதுதான்.

குளத்துத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கதிர்வீச்சு. டக் டக் என்று சத்தம் வந்தால் அது எச்சரிக்கை. நான் நம் வீட்டில் பழுதுக்கு நிற்கிற பிரிட்ஜ்தான் சத்தம் போடுகிறது என்று எழுந்துபோய் மூன்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் என் ஆள் மல்லாந்து கிடக்கிறான். செத்தால் பயப்பட வேண்டாம். கடைசியாக எங்கே படுத்தீர்களோ அங்கே எழுந்திருப்பீர்கள், ஆகவே முகாமில் ஒரு தடவை படுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

அந்நியரைக் கண்டதும் சுடாதீர்கள். இதை நான் தலைகுனிந்து எழுதுகிறேன். இரண்டு மாதமாக ஒருவர் எங்கள் பக்கம் வந்து போகிறார். பெயர்கூடப் போடவில்லை, கம்ப்யூட்டரே கொடுத்த "நபர் 4471" என்று தலைக்கு மேல் தெரிகிறது. கிட்ட வந்து நிற்பார், தரையில் ஒரு மருந்துப் புட்டியை வைப்பார், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஏதோ எழுதுவார், போய்விடுவார். பயத்தில் நான் அவரை மூன்று தடவை சுட்டிருக்கிறேன். மூன்றாம் தடவை சாகிற நேரத்தில் அவர் எழுதியது, "காலை 1, இரவு 1. சாப்பாட்டுக்குப் பின்." எவ்வளவு நல்ல மனிதர்! அவரைப் போன்றவர்களும் அங்கே இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எழுதுவதை நிதானமாகப் படியுங்கள். முகாமில் மாப்பிள்ளை ஒரு சின்ன அறை கட்டியிருக்கிறார். நாலு தட்டு அலமாரி. கீழிருந்து முதல் தட்டில் காய்ச்சல், இரண்டாவதில் வயிறு, மூன்றாவதில் காயத்துக்குப் போடுவது. நான் உங்கள் கடைக்கு மூன்றே தடவைதான் வந்திருக்கிறேன், பார்த்ததும் உங்கள் அலமாரிதான் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் இருமல் மருந்தை மட்டும் உச்சித் தட்டில் தனியாக வைத்திருக்கிறார். "ஏன் மாப்பிள்ளை, எட்டவே எட்டாதே?" என்றேன்.

"கடையில அது கீழ்த் தட்டுல இருக்கணும் மாமா. இருமறவங்களை நிக்க வைக்கக் கூடாது, கை உடனே போகணும்பாரு. நான் எப்பவும் மறந்து மேலே வெச்சிடுவேன், தினமும் திட்டு."

"இப்ப யாரு திட்டப் போறாங்க?"

"அதான் மாமா வெச்சிருக்கேன். யாராவது திட்டறாங்களான்னு பார்ப்போம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு அந்தப் புட்டியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.

சம்பந்தி, சனிக்கிழமை மத்தியானம் உங்கள் கடை அரை நாள். இரண்டு மாதத்துக்கு முன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள் என்று தங்கச்சி என் வீட்டுக்காரியிடம் சொன்னாராம், பில் போட எதற்கு இவ்வளவு பெரிசு என்று அவருக்கே புரியவில்லையாம். அது போதும். பேச வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், வந்து நின்றால் போதும். தெரியாததை நான் சொல்லித் தருகிறேன். அனுபவசாலி ஒருவன் கூட இருக்கிறேன், பயப்படாதீர்கள்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பு. உங்கள் ரத்த அழுத்தம் கீழேயும், கடை வியாபாரம் மேலேயும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று சனிக்கிழமை. மேலே எழுதியிருக்கும் யோசனை எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம், படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள்.

மத்தியானம் மகளும் மாப்பிள்ளையும் தண்ணீருக்குப் போயிருந்தார்கள். நான் முகாமில் ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நபர் 4471 வந்தார், நேராக அந்த அறைக்குப் போனார். உச்சித் தட்டிலிருந்து இருமல் மருந்தை எடுத்து, கீழ்த் தட்டில், பெயர் முன்னால் தெரியும்படி திருப்பி வைத்தார். அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால் அந்த ஓநாய் வந்திருக்கிறது. அவர் எனக்கு அவசரமாக எழுதினார்: "சம்பந்தி குனிங்க."

நீங்கள் எழுதி முடிப்பதற்குள் அது என்னைக் கடித்துவிட்டது. ஆனால் வார்த்தை வந்து சேர்ந்தது. அந்த உலகத்தில் கொலைகாரன் முதல் பிச்சைக்காரன் வரை எல்லாருக்கும் நான் அப்பா. சம்பந்தி என்று கூப்பிட ஒரே ஒருவர்தான் உண்டு. நான் முகாம் படுக்கையில் மறுபடி எழுந்து ஓடி வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். தலைக்கு மேல் தெரிந்த கணக்குப்படி விளையாட்டில் நாற்பத்து மூன்றாம் நிலைக்கு ஏறிவிட்டவருக்கு, குளத்துத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று நான் பாடம் நடத்தியிருக்கிறேன். மூன்று தடவை சுட்டதற்கு மன்னிக்க வேண்டும். தகப்பன் மகன் சமாதானத்தில் குறுக்கே பாய்ந்து சுட்ட முதல் சம்பந்தி நானாகத்தான் இருப்பேன்.

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளை அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார்.

"மாமா, இருமல் மருந்தை யாரு கீழ வெச்சது?"

"காத்துல விழுந்திருக்கும் மாப்பிள்ளை."

"இங்க காத்தே அடிக்காதே மாமா."

பிறகு அதை எடுத்து மறுபடியும் உச்சித் தட்டில் வைத்தார். வைத்துவிட்டு அந்த அறையின் கதவை மூடாமல் விட்டார், அதுவரை ஒவ்வொரு தடவையும் மூடுகிறவர்.

மைக் என் வாய்க்கு நேரேதான் இருந்தது. "உங்கப்பா" என்பது நுனி நாக்குவரை வந்தது. நான் சொல்லவில்லை சம்பந்தி. அடுத்த சனிக்கிழமைக்கு அதை அப்படியே உங்களுக்கு விட்டு வைத்திருக்கிறேன்.