மாமனாரின் சாக்ஸபோனும் சரியான வேகமும்

திருத்தித் தருகிறேன் என்று தானாகக் கிளம்பி வருகிறவனை யாரும் வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது. இதை நான் உறுதியாகச் சொல்லலாம். அப்படிக் கிளம்பிப் போனவனே நான்தான்.

அப்போது கிள்ளான் பக்கத்து மேருவில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன் வேலை. நாள் முழுக்கக் கையுறைகளில் ஓட்டை தேடுவேன். (வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் ரசத்தில் தேடுவேன்.) மிச்சமிருந்த நேரத்தை ஒரு ஜாஸ் ஆல்பத்துக்கு எழுதி வைத்திருந்தேன். அதன் பெயரை இங்கே சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம், நான் மட்டும் சொல்லக் கூடாது என்று தடை இருக்கிறது.

அந்த இசையைவிட, அது திரும்பத் திரும்ப வெளிவந்த கதைதான் எனக்குப் பித்து. முதலில் மோனோ. பிறகு ஸ்டீரியோ. அப்புறம் ஜப்பானில் அச்சான இசைத்தட்டு. அதை வைத்திருப்பவர்கள் யாரையும் தொடவே விடமாட்டார்கள். சிடி வந்த புதிதில், நகலுக்கு நகலான ஏதோ ஒரு நாடாவிலிருந்து அவசரமாக ஒன்றை எடுத்து விற்றார்கள். தலையணைக்கு அடியிலிருந்து வாசிப்பது போலக் கேட்கும். அடுத்து, ஒலியை மெருகேற்றுகிறோம் என்று வந்த ரீமாஸ்டரில் மெதுவான இடம், உரத்த இடம் எல்லாம் ஒரே இரைச்சல்.

இதற்கெல்லாம் பிறகுதான் உண்மையான குட்டு வெளிப்பட்டது. முதல் பக்கத்தைப் பதிவு செய்த அன்று நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாகும், சுருதியும் ஏறும். பல பத்தாண்டுகளாக உலகமே ஒரு நூல் ஏறிய சுருதியில்தான் அதைக் கேட்டுக் கண்மூடி ரசித்திருக்கிறது. ஸ்டூடியோவில் உபரியாக ஓடிய இன்னொரு இயந்திரத்தின் நாடா கிடைத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. வேகத்தைத் திருத்திப் புதுப் பதிப்பு போட்டார்கள். இரண்டாம் பக்கம் வேறொரு நாளில் பதிவானதால் அது எல்லாப் பதிப்பிலும் ஒழுங்காகவே இருந்தது.

இத்தனையும் எனக்கு மனப்பாடம். மைதிலியின் பிறந்தநாள்தான் நினைவில் நிற்காது.

மைதிலி நான் கட்டிக்கொள்ள நினைத்த பெண். பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். அவள் அப்பா பெரிய அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கிள்ளான், தாத்தா காலம் வரை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். அதனால் அம்மாவுக்கு உள்ளூர உதறல். “அவங்க ஆபீசர் பேமிலிடா. அங்க போயி வாயக் கொஞ்சம் அடக்கி வெச்சுக்க லா” என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வார்.

மைதிலியின் அப்பா சாக்ஸபோன் வாசிப்பார். கூட வாசிக்க ஆள் யாரும் கிடையாது. அதே ஆல்பத்தின் பழைய தட்டைப் போட்டு, முதல் பக்கத்தோடு சேர்ந்து வாசிப்பார். இளவயதில் தொடங்கிய பழக்கம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உறவினரை உட்கார வைத்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் சாப்பாடு போடுவார். முதல் முறை நான் போனபோது என்னிடம் ஒரு ரகசியம் சொன்னார்.

“தம்பி, முதல் பக்கம்தான் சங்கீதம். ரெண்டாம் பக்கத்திலை அவங்கள் களைச்சுப் போட்டாங்கள். சுருதி நிக்கேல்லை. நான் அதைப் போடுறதே இல்லை.”

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மனிதர் தன் வாத்தியத்தையே தப்பான சுருதிக்குச் சேர்த்து வைத்திருக்கிறார். அதனால்தான் ஒழுங்கான பக்கம் அவருக்கு அபசுரமாகக் கேட்கிறது. ஊசித்துளையைக்கூட விடாமல் பிடிக்கிற தரப் பரிசோதகன் நான், தலையாட்டிக்கொண்டு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாள் வந்தது. அன்றைக்கே கல்யாணத் தேதியும் பேசி முடித்துவிடலாம் என்று அம்மாவையும் அழைத்திருந்தார்கள். வெறுங்கையோடு போகலாமா? அம்பாங்கில் ஒரு மாடிக் கடையில் அந்த வேகம் திருத்திய பதிப்பை, கனமான புதுத் தட்டில், வாங்கினேன். என் திட்டம் இதுதான்: அவருக்குத் தெரியாமல் பழைய உறைக்குள் புதுத் தட்டைப் போட்டு வைப்பது. வாசித்து முடித்ததும், “என்ன இது, இண்டைக்கு இவ்வளவு துல்லியமாக் கேக்குது?” என்று அவர் வியப்பார். அப்போது நான் அடக்கத்தோடு எழுந்து நிற்பேன். (எழுந்து நிற்பதற்குக் கண்ணாடி முன்னால் ஒத்திகையும் பார்த்தேன்.)

மைதிலியிடம் போனில் சொன்னபோது, “அப்பாட ரெக்கார்டத் தொடாதீங்க, ப்ளீஸ்” என்றாள். பெண்களுக்கு ரீமாஸ்டரிங் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் நான் அவ்வளவு பெரிய அறிவாளி.

எல்லோரும் வடையும் டீயுமாக மேசையைச் சுற்றி நின்ற நேரத்தில் தட்டை மாற்றிவிட்டேன். அவர் வந்து ஊசியை வைத்தார். கண்ணை மூடினார். வாசித்தார்.

தகரத்தை ஆணியால் கீறியது போல ஒரு சத்தம். முன்வரிசையில் இருந்த சித்தப்பா ஒருவர் கையில் இருந்த வடையைக் கீழே வைத்துவிட்டார். மைதிலியின் அப்பா நிறுத்தினார். சாக்ஸபோனைத் துடைத்தார், வாயில் வைக்கும் முனையை இன்னும் உள்ளே தள்ளினார், ஊசியைத் திரும்ப வைத்தார். முனையை உள்ளே தள்ளினால் சுருதி இன்னும் ஏறும். தட்டிலோ சுருதி இறங்கியிருந்தது. இம்முறை முன்னதைவிட மோசம்.

“அண்ணைக்கு முந்தி மாதிரி மூச்சு இல்லைப் போல” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, “வயசு போட்டுது. காதும் போட்டுது. இனி இது வேண்டாம், சாப்பிடுவம்” என்று சொல்லிப் பெட்டிக்குள் சாக்ஸபோனை வைத்து மூடினார். மைதிலி என்னைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நான் கணக்குப் போட்டேன். பேசாமல் இருந்தால் சாப்பாடு நடக்கும், தேதி குறிப்பார்கள், எனக்குப் பெண் கிடைக்கும். ஆனால் அந்த மனிதர் தன் காது போய்விட்டது என்று நம்பிக்கொண்டு இனி ஒருநாளும் அந்தப் பெட்டியைத் திறக்கமாட்டார். சொன்னால் தேதியும் இல்லை, மைதிலியும் இல்லை. என் துணிச்சலைப் பற்றிப் பெருமையாக எழுத ஆசைதான். உண்மையில் பயத்தில் குரல் கீச்சென்று வந்தது.

“அங்கிள், உங்க காது நல்லாத்தான் இருக்கு. தட்ட நான் மாத்திட்டேன்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாடா, இயந்திரம், வேகம், உபரிப் பதிவு என்று முழு வரலாற்றையும் எழுபது வயதுக்காரரின் பிறந்தநாளில், அவர் உறவினர் அத்தனை பேர் முன்னாலும் சொல்லி முடித்தேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மைதிலியின் அப்பா மெதுவாகக் கேட்டார்: “அப்ப நான் இத்தனை வருசமும் பிழையாத்தான் வாசிச்சனானோ?”

“இல்ல அங்கிள், நீங்க கரெக்டா வாசிச்சீங்க. ரெக்கார்டுதான் தப்பா ஓடுச்சு. நீங்க அந்தத் தப்போட ரொம்பக் கரெக்டா…”

“டேய்!” என்று முந்தானைக்குள்ளிருந்து அம்மா குரல் வந்தது.

மாமனாராக வேண்டியவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு அந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பிறகு கையை நீட்டினார்.

“என்ர பிழையை எடுத்துக்கொண்டு வாரும்.”

அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பழைய தட்டை எடுத்து வந்தேன். அதைப் போட்டார், பெட்டியைத் திறந்தார், வாசித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை. கீறல் சத்தம், தூசிச் சத்தம், வெளியே மோனோரயில் போகிற சத்தம் எல்லாவற்றையும் தாண்டி அவரும் அந்தத் தட்டும் ஒரே குரலாகச் சேர்ந்து ஒலித்தார்கள். நான் அழுதுவிட்டேன். (பயம் தெளிந்த அழுகை என்று மைதிலி சொல்கிறாள்.)

முடித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். “உங்கட மகன் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொல்லிப் போட்டார். அது எனக்குப் போதும். ஒரு கண்டிசன்: இந்த வீட்டிலை அவர் ஒண்டையும் திருத்தக் கூடாது.”

கல்யாணம் நடந்தது. கண்டிஷனும் நடைமுறையில் இருக்கிறது. குழம்பில் உப்பு குறைகிறது என்று நான் வாயெடுத்தாலே, “ரீமாஸ்டர் வந்துட்டார், மூடி வையுங்கோ” என்று மாமியார் பானையை நகர்த்திவிடுவார். தீபாவளிக்கு யார் புதிதாக வந்தாலும், அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

போன மாதம் என் மகள் கைப்பேசியில் எதையோ தேடும்போது அந்த ஆல்பம் தட்டுப்பட்டது, திருத்திய பதிப்பு. தினமும் தாத்தா வீட்டில் பழைய தட்டையே கேட்டு வளர்ந்தவள், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“அப்பா, இதுல பாட்டு தப்பா இருக்கு.”

அருகில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் புரளும் சத்தம் நின்றது. எனக்குத் தெரிந்த வரலாறு முழுவதும் தொண்டை வரை வந்து நின்றது. நான் காது கொடுத்துக் கேட்டேன். இத்தனை வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டதில் என் காதும் மாறிப் போயிருந்தது.

“ஆமாம்மா, தப்புதான்” என்றேன்.