ஒக்வேனோவின் எண்ணெயும் ஒமேனாவின் வலையும்

எண்ணெய்க்காரர் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் தெரியாமல் போகாது. ஆள் வருவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடும். விக்டோரியா ஏரியின் எங்கள் கரையில் அந்த இனத்தின் பிரதிநிதி ஒக்வேனோ. எலுமிச்சம்புல், தைல இலை, காட்டுத் துளசி எல்லாவற்றையும் பானையில் வேகவைத்து, ஆவியைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்து, சோடாப் புட்டியில் அடைத்து, எதிரே வருகிறவன் கையை இழுத்துத் தேய்த்துவிட்டு, "இனிமே கொசு கிட்ட வருமா?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் "வராது" என்று அவரே சொல்லிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கொசுவலையை அவர் தொடமாட்டார். "மருந்துல முக்கின வலை. அதுக்குள்ள மனுஷன் படுப்பானா?" அப்படியானால் அந்த வலை எங்கே? மணலில் விரித்துக் கிடக்கிறது. அதன்மேல் ஒமேனா என்கிற ஏரிப் பொடிமீன் காய்கிறது. மருந்து மனிதனுக்கு ஆகாது. மனிதன் தின்கிற மீனுக்கு ஆகும்.

மழை பிடித்தது. போன மழைக்கு மலேரியாவில் கிடந்து பிழைத்தவள் அவர் மகள் அபோண்டி. மனைவி அவோர் கேட்டாள்:

"அபோண்டி அப்பா, புள்ள இன்னொரு காய்ச்சல் தாங்காது. வலையக் குடுங்க."

"அதான் எண்ணெய் தேய்ச்சிருக்கேன்ல?"

"அது ராத்திரிக்கு உகாலிக் களி கிண்டி இறக்குறதுக்குள்ள பறந்துடுது. கொசு நாம தூங்கின பொறவுதான் வருது."

"வாசனை போகல. ஒன் மூக்குக்குப் பழகிப்போச்சு."

"சரி, என் மூக்குக்குப் பழகிடுச்சு. கொசுவுக்குமா?"

ஒக்வேனோ இன்னொரு தரம் தேய்த்துவிட்டார். மகளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு நெருப்பாய்க் கொதிக்க, கண் செருக, தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்; பின்னாலேயே அவோரும். அப்போதும் புட்டி சட்டைப்பையில்தான் இருந்தது. ரத்தத்தில் மலேரியா. மாத்திரையைக் கொடுத்தபடி நர்ஸ் கேட்டாள்:

"வீட்ல வலை இல்லியா?"

"இருக்கு" என்றார் ஒக்வேனோ.

"அதுல யாரு படுக்குறா?"

"ஒமேனா" என்றாள் அவோர்.

வரிசையே சிரித்தது. நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "மீனுக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லியே?"

குழந்தை பிழைத்தது. அன்று மாலையே அவோர் மீனை மணலில் கொட்டிவிட்டு, வலையை உதறி, அலசி, மகள் படுக்கைக்கு மேல் கட்டினாள். மீன் வாடை போகவில்லை. அபோண்டி வலைக்குள் நன்றாகத் தூங்கினாள். ஒக்வேனோ வலைக்கு வெளியே பாயில் படுத்தார். விடியும்போது பார்த்தால் கழுத்து வரைக்கும் உள்ளே இருந்தார். தலை மட்டும் கொள்கைக்காக வெளியே.

அந்த மழை முடியும்வரை வீட்டில் காய்ச்சல் இல்லை. ஒக்வேனோ கரையெங்கும் சொல்லித் திரிகிறார்: "பாத்தியா? எண்ணெயக் கொஞ்சம் கெட்டியா எறக்குனேன். ஒரு கொசு அண்டல!"

அவர் கிடக்கட்டும். இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, உங்களுக்கும் ஒரு வலை கொடுத்திருப்பார்களே? அது இப்போது எந்தத் தக்காளிச் செடியை மூடிக்கொண்டிருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் சிரிக்கலாம்.