கந்தசஷ்டியில் கரைந்த புரதமா

பெரிய கிளாக்கர் வீடு,
ஹாலிஎல.
1-12-1957, ஞாயிற்றுக்கிழமை

அன்பின் தம்பி செல்வரத்தினத்துக்கு,

உன் அக்கா ஞானேஸ்வரி எழுதுவது. நீயும் உன் மனைவியும் கொழும்பு வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே மழையில் சுகமாக இருக்கிறோம். என்னைத் தவிர மற்றவர்கள் போன மாதத்திலும் பார்க்கக் கூடுதலான சுகத்தோடு இருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை எழுந்து, முகம் கழுவுவதற்கும் முன்னால் நான் செய்த முதல் வேலை, நீ அனுப்பிய புரதமாத் தகரப்பேணியைச் சாம்பல் போட்டு விளக்கிக் கவிழ்த்து வைத்ததுதான். விளக்குவதற்கு முன் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் பார்த்தேன். நாக்கில் வைக்கக்கூடக் காணாது. பேணியோடு நீ அனுப்பிய துண்டில், “நாளொன்றுக்கு மூன்று மேசைக்கரண்டி, பாலில் கரைத்து, அக்கா மட்டும்” என்று எழுதி, கடைசி இரண்டு சொற்களுக்கும் கீழே கோடு போட்டிருந்தாய். வைத்தியர்களுக்கு உடம்பைப் பற்றித் தெரிந்த அளவுக்கு வீடுகளைப் பற்றித் தெரிவதில்லை, தம்பி.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். ஆசிரியர்களை ஒரு வருடப் பயிற்சிக்குச் சீமைக்கு அனுப்பும் திட்டத்தில் என் பெயரும் வந்தது உனக்குத் தெரியும். நாற்பத்துமூன்று வயதில், பதுளைக்கு அப்பால் பெரும்பாலும் வரைபடத்திலேயே பிரயாணம் செய்த பூமிசாஸ்திர ஆசிரியைக்கு அது என்ன செய்தி என்று நான் உனக்கு எழுதத் தேவையில்லை. கொழும்பில் என்னைச் சோதித்த டொக்டர் கண்ணைப் பார்த்தார், நெஞ்சைத் தட்டினார், எல்லாம் நல்லது என்றார். பிறகு தராசில் ஏற்றிவிட்டு முகத்தைச் சுழித்தார். டிசம்பர் நடுவில் ஏழு றாத்தல் கூடிக்கொண்டு திரும்பி வரவேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்றார். அதைக் கேட்டுத்தான் நீ பேணியை அனுப்பினாய்.

பேணி வந்த அன்றே, நாளொன்றுக்கு எவ்வளவு என்பதில் வழக்குத் தொடங்கியது. மூன்று கரண்டி என்று நீ எழுதியதை உன் அத்தான் இரண்டு தரம் வாசித்தார். கொழும்பு ஆட்களுக்கு எல்லாம் அதிகமாகத்தான் தேவை என்று சொல்லிவிட்டு, எனக்கு விளக்கம் தந்தார். “இஞ்சரும், தேயிலைக்கு உரம் போடுறதைப் பாரும். ஒரேயடியாப் போட்டால் செடி கருகிப்போம். ஏக்கருக்கு இவ்வளவெண்டு ஒரு கணக்கிருக்கு. உமக்கு என்ன ஏக்கர் இருக்கு? அரைக் கரண்டி காணும்.” அந்த அரைக் கரண்டியும் ஒரு பெண்பிள்ளையின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று முதலில் தான் பரீட்சித்துப் பார்ப்பது கணவனின் கடமை என்று அவர் நினைத்தார். அன்று தொடங்கிய பரீட்சை நேற்று வரையில் முடியவில்லை. ஒவ்வொரு இரவும் பெரிய கோப்பை நிறையக் குடித்துவிட்டு, இன்னும் ஒன்றும் தெளிவாகச் சொல்லமுடியாது என்பார். இப்போது அவருடைய கந்தோர்க் காற்சட்டைகள் மூன்றையும் இடுப்பில் பிரித்து விட்டிருக்கிறது.

எங்களோடு இருக்கும் அவருடைய தமக்கை, குணமணி மச்சாளின் ஆட்சேபம் வேறு மாதிரி. பேணியின் வெளியே சட்டையில்லாத ஒரு வெள்ளைக்காரன் இரண்டு கையையும் மடக்கித் தோளைக் காட்டிக்கொண்டு நிற்கிறான் அல்லவா? மச்சாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அவனை நெடுநேரம் பார்த்தார். “பாலைக் குடிச்சு ஒருத்தன் இப்பிடி வருவானே? இதுக்குள்ள முட்டை கிடக்கு ஞானம். இல்லாட்டி முட்டைக்கு மேலயும் கிடக்கு.” அந்த மனிதன் சைவச் சமையலறைக்குள் வரக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. ஆகவே பேணி விறாந்தையில் றேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதுதான் என் முதல் தோல்வி என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் றேடியோ கேட்க வருகிறவர்களின் கண் அங்கேதான் போகும். கொழும்பிலிருந்து டொக்டர் தம்பி அனுப்பியது என்று உன் அத்தான் பெருமையாகச் சொல்வார். சொன்னபிறகு கொடுக்காமல் விடலாமா? கோயில் ஐயரிலிருந்து தபாற்கந்தோர்க்காரர் வரையில் செய்தி கேட்க வந்தவர்கள் எல்லோரும் அதைக் குடித்தார்கள். செய்தி முடிந்த பிறகும் இருந்தார்கள். ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை.

இந்த முட்டைச் சந்தேகத்தைத் தீர்க்கலாம் என்று நான் ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் போட்டுக்கொண்டு ஹாலிஎலச் சந்தியில் புஹாரி முதலாளியின் கடைக்குப் போனேன். பால்மா விற்றுப் பழகிய மனிதர், அவருக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அவர் முகர்ந்து பார்த்தார், நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார், பிறகு இன்னும் கொஞ்சம் வைத்தார். “டீச்சர், இது தனிப் பால் சாமான். எங்கட ஆக்களும் குடிக்கேலும், ஒங்கட ஆக்களும் குடிக்கேலும். ஒத்தருக்கும் தோஷமில்ல” என்று சொல்லிவிட்டு, போத்தலில் மிச்சமிருந்ததைத் தன் மனைவி ஸைனப்புக்குக் காய்ச்சல் விட்ட உடம்பு என்று உள்ளே அனுப்பிவிட்டார். நானும் கொடுக்கச் சொன்னேன். இந்தக் கடிதத்தில் ‘நானும்’ என்ற சொல் அடிக்கடி வரும், தம்பி. கவனித்துக்கொள்.

புஹாரி முதலாளியின் தீர்ப்போடு ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்பினேன். அதன் பிறகுதான் ஆபத்து வந்தது. கந்தசஷ்டி தொடங்கியது. மச்சாள் ஆறு நாளும் சோறு தண்ணீர் தொடாமல், மாலையில் ஒரு தரம் பாலும் பழமும் மாத்திரம் எடுத்து விரதம் பிடிப்பவர். வருடாவருடம் ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். இந்த வருடம் முதல் நாள் மாலை பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “பால் சாமான் எண்டுதானே அந்த முஸ்லிம் மனிசன் சொன்னது? பாலெண்டால் விரதத்துக்கு ஆகும். கொஞ்சம் தடிப்பாக் கரைச்சுக்கொண்டு வா” என்றார். தடிப்பு என்றால் எவ்வளவு என்று கேட்டேன். கரண்டி நிமிர்ந்து நிற்கவேண்டும் என்றார். விரதகாரிக்கு மறுத்துச் சொல்வது பாவம் அல்லவா? நான் கரைத்தேன். மூக்குப்பேணி நிறைய, நாளுக்கு நாள் தடிப்பாக. மூன்றாம் நாள், பசிக்கிறதா மச்சாள் என்று கேட்டேன். முருகன் பசியே தெரியாமல் வைத்திருக்கிறான் என்று கண்கலங்கிச் சொன்னார். நான் முருகனுக்கும் உன் பேணிக்கும் நடுவில் நின்று இன்னொரு கரண்டி போட்டுக் கரைத்தேன். சூரன்போர் அன்று பதுளைக் கோயிலில் மற்ற விரதகாரிகள் தூணில் சாய்ந்துகொண்டிருக்க, இவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய்ச் சூரனுக்கு எதிரே நின்றார். எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத ஆசிரியை என் காதில், “உங்கட மச்சாளில முருகன் இறங்கியிருக்கிறான் போல” என்றாள். எது இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆறு நாள் பட்டினி கிடந்து சட்டைக் கை இறுகிப்போன பக்தையை இந்த ஊவா மாகாணம் முன்பு கண்டிராது.

இதற்கிடையில் நான் சனிக்கிழமைகளில் உன் அத்தான் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலைக்குப் போய், கொழுந்துச் சாக்கு நிறுக்கும் மேடைத் தராசில் ஏறி நிற்பேன். முதல் வாரம் இருந்ததைவிடக் குறைவு. இரண்டாம் வாரம் தூறலில் போனேன், இன்னும் குறைவு. நீ எனக்கு மறைத்து ஏதோ பெரிய வருத்தம் இருக்கிறது, டொக்டரும் நீயும் சேர்ந்து நாடகம் ஆடுகிறீர்கள் என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன். மகள் சத்தியபாமாவை விடுதியிலிருந்து கூப்பிடுவதா விடுவதா என்றுகூட எண்ணினேன். மூன்றாம் சனிக்கிழமை நல்ல மழை, குடையோடு நனைந்து போனேன். கணக்கப்பிள்ளை அங்கமுத்து என்னை நிறுத்துவிட்டுச் சொன்ன தொகை முந்திய வாரத்திலும் குறைவு. என்னப்பா, தராசு சரிதானா என்று கேட்டேன். “தராசு சரிங்கம்மா. கூடைக்குக் கழிச்சிருக்கேன், இன்னைக்கு மழைங்கிறதால ஈரத்துக்கும் கழிச்சிருக்கேன். வழமைதானுங்க” என்றார். கூடை எங்கே என்று கேட்டேன். அப்போதுதான் அந்த மனிதர் என்னை முழுதாகப் பார்த்தார். மேடையில் ஏறியது எதுவாக இருந்தாலும் கொஞ்சம் கழித்துத்தான் சொல்வது இத்தனை வருடத்தில் அவருக்கு மூச்சுவிடுவது போல ஆகிவிட்டிருக்கிறது. பின்னால் கூடையோடு நின்ற பெண்கள் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர்கள் ஒவ்வொரு நாளும் இதே மேடைக்கு வருகிறவர்கள் என்பது நினைவுக்கு வர, சிரிப்பு நின்றுவிட்டது. கழிக்காமல் நிறுத்தபோது என் எடை கொழும்பில் இருந்த அதே எடை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பேணி இவ்வளவு விரைவாக எப்படிக் குறைந்தது என்று வீட்டு வேலைக்கு வரும் ரெங்கம்மாவிடம் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. “நானும் ரெண்டு கை அள்ளித் தின்னுட்டேங்க, பொய் சொல்லக்கூடாது. ஆனா ஒங்களுக்குன்னு ஒரு டம்ளர்ல எடுத்து மூடி வச்சிட்டுத்தான் தின்னேன். அதயும் அய்யா குடிச்சிட்டாருங்க.” எனக்கென்று ஒருவர் எடுத்து வைத்தது அந்த ஒரு தரம்தான்.

தம்பி, இதையெல்லாம் யாரையும் குற்றஞ்சாட்டி எழுதவில்லை. எழுதிக்கொண்டு வரும்போதே எனக்கு ஒன்று விளங்குகிறது. பேணியும் கரண்டியும் என் கையில்தான் இருந்தன. இவர்களில் ஒருவரும் தட்டிப் பறிக்கவில்லை. நான்தான் கரைத்தேன், ஆற்றினேன், கொண்டுபோய்க் கொடுத்தேன், இன்னும் கொஞ்சம் தரட்டுமா என்று கேட்டேன். எனக்கென்று ஒரு கோப்பை கரைத்து எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அது நல்ல குணம் என்று நெடுங்காலமாக நினைத்து வந்திருக்கிறேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. எடை கூடினால் கப்பல் ஏறவேண்டும், கப்பல் ஏறினால் முன்பின் தெரியாத ஊரில் தனியே ஒரு அறைக் கதவைத் திறக்கவேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை ஒளிக்க, பரிமாறுவதைப் போல வசதியான இடம் வேறில்லை.

ஆனபடியால் நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எனக்கு இந்தப் பயிற்சி வேண்டாம். உடல்நிலை காரணமாக விலகுகிறேன் என்று கல்வித் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதி, உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த பெயருக்கு உரியவள் இளம்பெண், எடையும் சரியாக இருக்கும். உன் அத்தானிடம் சொன்னேன். உம்மட உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை, என்ன செய்கிறது என்று அனுதாபப்பட்டார். நீ வீண்செலவு செய்து இனிப் பேணி அனுப்பாதே. நான் வருத்தப்படவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆகையால் எழுதவில்லை. வருத்தம் இருக்கிறது. தேயிலை பூக்கிற காலம் போல அதுவும் வந்து போகும்.

உன் மனைவிக்கு என் அன்பு. கதிர்காமத்தான் உங்கள் இருவரையும் ஒரு குறைவும் இல்லாமல் வைத்திருக்கட்டும். கோழிக்குஞ்சு போல இருந்த என் தம்பி ஊருக்கே மருந்து சொல்கிறான் என்று நினைக்கும்போது என் மனம் நிறைகிறது, உடம்பு நிறையாவிட்டாலும்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும் அக்கா,
ஞானேஸ்வரி

பி.கு.: கடிதத்தை மடித்து ஒட்டப்போகும் நேரத்தில் உன் அத்தான் விறாந்தையிலிருந்து குரல் கொடுத்தார். தம்பிக்குத்தானே எழுதுகிறீர் என்று கேட்டார். ஓம் என்றேன். “அப்ப அந்த மா இன்னொரு பேணி அனுப்பச் சொல்லி எழுதும். பெரிசா அனுப்பட்டும். எனக்கு அது பழகிப்போச்சு.” உடனே சமையலறையிலிருந்து மச்சாளும், மார்கழியில் திருவெம்பாவை விரதம் வருகிறது, இரண்டாக அனுப்பச் சொல் என்றார். சொல்லிவிட்டு, “உனக்கும் கொஞ்சம் மிஞ்சும்” என்று ஆறுதலும் சொன்னார்.

கடிதத்தை மறுபடி விரித்து வைத்து இதை எழுதுகிறேன். மேலே எழுதிய முடிவை அடித்துவிட்டதாக எண்ணிக்கொள். திணைக்களத்துக்கு எழுதிய கடிதம் தபாலுக்குப் போகாது. பேணியை இங்கே அனுப்பாதே, வாங்கி உன் வீட்டிலேயே வை. வருகிற வெள்ளிக்கிழமை பதுளையில் எங்கள் பள்ளிக்கூடம் விடுமுறைக்கு மூடுகிறது. அன்று மாலை அங்கேயே இரவு மெயில் வண்டி ஏறிக் கொழும்புக்கு வருகிறேன். டொக்டரின் நாள் வரும் வரையில் உன் வீட்டு மேசையில் உட்கார்ந்திருப்பேன். உன் மனைவி வைப்பதைச் சாப்பிடுவேன், எழும்பி யாருக்கும் பரிமாறமாட்டேன், கோப்பையும் கழுவமாட்டேன். அவளிடம் முன்கூட்டியே சொல்லிவை, அக்காவுக்குப் பைத்தியம் என்று நினைக்கப்போகிறாள். ஏழு றாத்தல் கூடுமோ தெரியாது. கூடின அளவோடு போய்த் தராசில் நிற்பேன். பயம் போகவில்லை, அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். மச்சாளுக்குச் சமைக்கத் தெரியும், உன் அத்தானுக்குச் சாப்பிடத் தெரியும், இரண்டு பேரும் சமாளிப்பார்கள். நான் வந்து சேர்ந்ததும் இங்கே ஒரு தந்தி அடித்துவிடு.

இதை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. பதுளையில் புறப்படும் வண்டி முதலில் ஹாலிஎலையில் நிற்கும், நாள்தோறும் பள்ளிக்கூடம் விட்டு நான் இறங்குகிற இடம். வெள்ளிக்கிழமை இறங்கமாட்டேன்.