தினமும் ஜனவரி ஒண்ணு

ஒரகடத்துல காருக்குக் கதவுக் கைப்பிடி செய்யற கம்பெனி ஒண்ணு. அதோட டைம் ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர். டிரெய்னியா வந்த நாநூறு பேரும் காலைல கார்டைக் காட்டினா, இன்னார் இன்ன தேதிக்கு வந்தார்னு அது பதிஞ்சு வெச்சுக்கும். இருநூத்தி நாப்பது நாள் பதிஞ்சா அந்த ஆளு பர்மனன்ட். கம்பெனி தொறந்த நாள்லேர்ந்து ஒருத்தர் கூட அப்படி ஆனதில்ல. அதுல நிர்வாகத்துக்கு யாதொரு உள்நோக்கமும் கிடையாது. கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்ல, அவ்ளோதான்.

சீக்கு இன்னான்னா, மின்சார சிக்கனத் திட்டத்தின் கீழ் சாயங்காலம் மெயினை அணைச்சிடுவாங்க. காலைல போட்டா அது கண்ணு முழிச்சு, இன்னிக்கு ரெண்டாயிரத்தி ஒம்போது ஜனவரி ஒண்ணுன்னும். ஆடிக் காத்து அடிச்சாலும் ஜனவரி ஒண்ணு, ஐப்பசி மழை கொட்டினாலும் ஜனவரி ஒண்ணு. உடனே ஐ.டி. டிபார்ட்மெண்டுக்கு புகார். ஐ.டி. டிபார்ட்மெண்டுன்னா மகாராஜாங்கற ஒரே ஆளு. பென் டிரைவோட வருவாரு. என்ன ஏதுன்னு பாக்க மாட்டாரு. இருக்கறதை எல்லாம் அழிச்சு, விண்டோஸை மொதல்லேர்ந்து ஏத்தி, தேதியைக் கையால போட்டுட்டு போயினே இருப்பாரு. இருபது நிமிஷம். நாநூறு பேரோட வருகைப் பதிவும் அதோட பூடும்.

தங்கமாரி சங்கரன்கோவில் பக்கத்துப் பொண்ணு. எலெக்ட்ரானிக்ஸ்ல டிப்ளமோ. ஆகவே டைப் அடிக்க அந்தக் கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சாங்க. கேட்டுல செக்யூரிட்டி எழுதற நோட்டுப்படி அவளுக்கு இருநூத்தி முப்பத்தாறாவது நாள். கம்ப்யூட்டர்படி மொத நாள். வருஷம் முடியறதுக்குள்ள கம்ப்யூட்டர் ஒத்துக்கலன்னா ஊருக்கு பஸ் ஏறணும். இல்லாட்டி புது டோக்கன் வாங்கினு மறுபடி டிரெய்னி. வல்லக்கோட்டை ரூம்ல அவ கூட தங்கியிருக்கற வேல்விழி அப்படித்தான் மூணாவது வாட்டியா கைப்பிடி மாட்டக் கத்துக்கினு இருக்கா.

மகாராஜா கிட்ட தங்கமாரி மெதுவா ஆரம்பிச்சா.

"சார், உள்ள பொட்டு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும்லா. அது தீந்துட்டு. மாத்துனா தேதி நிக்கும்."

"நீ இன்னா படிச்சே?"

"எலெக்ட்ரானிக்ஸ் சார்."

"அதான். படிச்ச பசங்களுக்கு இதே வியாதி. காரணம் தேடுவீங்க. தேடினா அரை நாள் ஆவும், கிடைக்காமயும் போவும். ஃபார்மட்டு இருபது நிமிஷம். இந்த வருஷம் மட்டும் இருநூறு புகார் முடிச்சிருக்கேன், தெரியுமா? பெஸ்ட் எம்ப்ளாயி ஷீல்டு வூட்ல கீது."

"இருநூறும் ஒரே புகார்லா சார்."

"ஒரே தடவைல சரி பண்ணியிருந்தா ஷீல்டு யாரும்மா குடுப்பான்?"

 

தங்கமாரி கேட் நோட்டைத் தூக்கினு ஹெச்.ஆர். மேனேஜர் ஷாரோன் மேடம் கிட்ட போனா. மேடம் ஸ்கிரீனைப் பாத்தாங்க. "சிஸ்டம்ல நீங்க இன்னைக்குத்தான் ஜாயின் பண்ணியிருக்கீங்க தங்கமாரி. வெல்கம்"னு கை குடுத்தாங்க. டாய்லெட் எந்தப் பக்கம்னும் காட்டினாங்க.

அப்புறம்தான் அவ செக்யூரிட்டி யாக்கோபு கிட்ட சொல்லி படப்பையிலேர்ந்து பேட்டரி வாங்கியாரச் சொன்னா.

"இன்னாம்மா, அம்மாம் பெரிய மிஷினு, இம்மாத்தூண்டுக்கா நாநூறு பேரை நிக்க வெச்சுது?"

"ஆமாண்ணே."

லஞ்சு டயத்துல ஹேர்பின்னால நெம்பி பழசைக் கழட்டி புதுசை மாட்டினா. கேட் நோட்டைப் பாத்து எல்லாருக்கும் பழைய நாளெல்லாம் ஏத்தினா. நாலு நாள் ஓடிச்சு. நாலு காலைலயும் கம்ப்யூட்டர் சரியான தேதி சொல்லிச்சு. தங்கமாரிக்கு இருநூத்தி நாப்பது முடிஞ்சுது. அவளோட இன்னும் அறுபது பேருக்கும்.

கம்பெனிக்கு அதைவிடப் பெரிய அடி வேற பக்கத்துலேர்ந்து விழுந்துச்சு. தீயணைக்கற சிலிண்டர், கேன்டீன் லைசென்ஸ், லிஃப்ட் சர்டிபிகேட்டு எதெல்லாம் காலாவதின்னு மேடம் காலைல, மகாராஜா வர்றதுக்கு முன்னாடி, அந்தக் கம்ப்யூட்டர்லதான் பாக்கறது. ரெண்டாயிரத்தி ஒம்போதுல எதுவும் காலாவதி ஆகல. இப்ப பாத்தா மொத்தமும் சிவப்பு. மறுநாள் ஆடிட்.

மேடம் கதவை சாத்திட்டு தங்கமாரியை உக்கார வெச்சாங்க.

"அந்த பேட்டரியை எடுத்துடும்மா."

"எடுத்தா எங்க நாளெல்லாம் போயிருமே மேடம்."

"உனக்கு மட்டும் பர்மனன்ட் லெட்டர். இப்பவே."

"மத்த அறுபது பேரு?"

"அவங்களா பேட்டரி மாத்தினாங்க?"

வேல்விழி மூஞ்சி ஒரு தரம் வந்து நின்னுச்சு.  அப்புறம் தங்கமாரி ஹேர்பின்னை எடுத்தா.

மகாராஜா மெயினை அணைச்சுப் போட்டு, சந்தோஷமா ஒரு ஃபார்மட்டும் பண்ணி வெச்சாரு. தேதியை மட்டும் தொடக் கூடாதுன்னு மேடம் உத்தரவு. அதே கம்ப்யூட்டர்ல லெட்டர் அடிச்சு, கையெழுத்தும் சீலும் வெச்சு, கைல குடுத்தாங்க.

மறுநாள் ஆடிட்டர் வந்தாரு. சிலிண்டர் சரி, லிஃப்ட் சரி, கேன்டீன் பிரமாதம். கடைசியா ஊழியர் பட்டியல். புதுசா ஒரே ஒரு பர்மனன்ட். பணி நியமனம் ரெண்டாயிரத்தி ஒம்போது ஜனவரி ஒண்ணு. பொறந்த தேதியைப் பாத்தாரு. விரல் விட்டு எண்ணினாரு.

"மேடம், எட்டு வயசுக் குழந்தையை வேலைக்கு வெச்சிருக்கீங்களே."

மேடம் ஆடிப் போயிட்டாங்க. தங்கமாரி எழுந்து, "சார், நான் இங்கனதான் நிக்கேன். எனக்கு இருவத்தி நாலு"ன்னா.

"குழந்தைங்க அப்படித்தான் சொல்லுவாங்க. சொல்லிக் குடுத்திருப்பாங்க"ன்னாரு ஆடிட்டர். "ரெக்கார்டு இன்னா சொல்லுதோ அதான்."

அரை மணில தங்கமாரி முறைப்படி மீட்கப்பட்டா. சால்வை போர்த்தினாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க. மூணாங்கிளாஸ்ல சேக்கச் சொல்லி ஒரு சிபாரிசுக் கடிதமும் குடுத்து கேட்டு வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க. வேல்விழியும் கை தட்டினா.

யாக்கோபு கடிதத்தை வாங்கி, மேல இருந்த தேதியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"ரெண்டாயிரத்தி ஒம்போதா? அந்த வருஷம் இது கம்பெனியே இல்லம்மா. டைம் ஆபீஸ் நிக்கிற எடத்துல நான் நெல்லு போட்டிருந்தேன். என் பட்டா."

"அப்பம் அந்தத் தேதிப்படி வெளிய போக வேண்டியது யாருண்ணே?"

யாக்கோபு வாயைத் தொறந்தாரு. பின்னால ஷாரோன் மேடம் கார் ஹாரன் அடிச்சுது. ஓடிப் போயி கேட்டைத் தொறந்து, விறைப்பா ஒரு சல்யூட் வெச்சாரு.