வெந்நீர் சாரும் ஒரே பாத்திரமும்

மத்திகிரியில் ஒரு பொருள் அடுப்பேறாமல் தப்பித்திருக்கிறது என்றால், அது வெந்நீர் சாரின் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். ஐம்பதுகளில் அங்கே மாட்டுப் பண்ணையில் நான் குமாஸ்தா. அவர் மைக்ராஸ்கோப்பில் கிருமி பார்க்கிறவர்.

இரண்டு வேட்டி, ஓர் அலுமினியச் சட்டி, ஒரு வேதபுத்தகம். வீட்டில் அவ்வளவுதான். அந்தச் சட்டியில் முதலில் சோறு கொதிக்கும், பிறகு வேட்டி கொதிக்கும். ஒருநாள் கைக்கடிகாரத்தையும் கொதிக்க வைத்துவிட்டு, அதற்கப்புறம் சூரியனைப் பார்த்தே ஆபீசுக்கு வந்தார்.

ஓசூர் ஓட்டலுக்குப் போனால் சொந்த டம்ளரை நீட்டி, கொதிநீரில் முக்கித் தரச் சொல்வார். கன்னடக்கார முதலாளி நொந்துபோய், "ஏன் சாமி, நம்ம காப்பியே கொதிக்குதல்லா?" என்பார்.

"காப்பி கொதிக்குதுங்க. ஊத்துற கை கொதிக்கலையே."

முதலாளி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்.

"கடவுள நம்புறவரு கிருமிக்கு இப்பிடிப் பயப்படலாமா சார்?" என்று கேட்டேன்.

"அதையும் அவருதான் படைச்சாரு. மரியாத குடுக்க வேணாமா?"

அந்தச் சமயம் பண்ணை வண்டியோட்டி அருளப்பன் காசநோய் குணமாகித் திரும்பி வந்தார். டாக்டர் சொல்லியும் ஊர் நம்பவில்லை. எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், திருவிருந்தின் திராட்சரசத்தை எல்லோரும் ஒரே பாத்திரத்தில்தான் வாய் வைத்துக் குடிப்போம். "எனக்கப்புறம் யாரும் வாய் வெக்கலன்னா, இனி கோயிலுக்கே வரமாட்டேங்க" என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் முழங்காலிட்டதும் வரிசைக்குத் திடீர் வியாதிகள் வந்தன. ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்குத் தலைசுற்றல். நானும் பாட்டுப் புத்தகத்தைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன். அருளப்பன் குடித்து முடித்தார். போதகர் பாத்திரத்தோடு தனியே நின்றார்.

பின்பெஞ்சிலிருந்து வெந்நீர் சார் நாலுபேர் காலை மிதித்துக்கொண்டு ஓடிவந்து அருளப்பன் பக்கத்தில் முழங்காலிட்டார். சட்டைப் பையிலிருந்து ஸ்டவ்வை எடுக்கப்போகிறார் என்றே நினைத்தேன். போதகர் பாத்திரத்தின் விளிம்பைத் துடைக்கப் போனார்.

"வேணாங்க ஐயரே" என்று போதகரிடம் சொல்லிவிட்டு, அப்படியே குடித்தார்.

அந்த மனிதரே குடித்த பிறகு யார் ஒதுங்கி நிற்பார்கள்? முட்டிவலிக்காரர்தான் முதலில் ஓடினார்.

எப்படித் துணிந்தார் என்று வெளியே வந்ததும் கேட்டேன். "மாட்டுக்குப் பாக்குற மைக்ராஸ்கோப்புல போன மாசம் பூரா அருளப்பன் சளியப் பாத்தேங்க. ஒரு கிருமி இல்ல" என்றார்.

"இருந்திருந்தா?"

"அவரக் கடைசியா குடிக்கச் சொல்லியிருப்பேன். அவரு குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல ஒக்காந்திருப்பேன்."

உடம்புக்கு முடியாமல் படுக்கிற நாளில் பக்கத்தில் உட்கார அவர் ஒருவர் இருந்தால் போதும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.