காட்டேரி சாரின் பங்காளிகள்

காரைக்குடியில் காட்டேரி சாரிடம் ரத்தம் கொடுக்காத ஆள் ஒருவர் உண்டு என்றால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். பிறக்காதவர்கள்கூட அம்மா வயிற்றில் இருந்தபடியே அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். ஊசியால் அவர் யாரையும் நோகடித்ததில்லை. எல்லாம் வாயால்தான். அந்த வாய்க்குப் பயந்து பாதி உயிரை விட்டவர்கள் ஊரில் பலர். நான் முக்கால் உயிரை விட்டவன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். ரத்தம் எடுப்பவர், சோதிப்பவர், தாளில் முடிவு எழுதித் தருபவர் எல்லாம் அவர் ஒருவரே. முருங்கைக்காய் உடம்பு, துருத்திய இரண்டு முன்பற்கள், முழங்காலுக்குக் கீழே தொங்கும் வெள்ளைக் கோட்டு. அந்தக் கோலத்துக்கு ஊர் வைத்த பெயர்தான் காட்டேரி. முகத்துக்கு நேரேயே "காட்டேரி சார்" என்பார்கள். அவரும் கோபப்படாமல் "சொல்லுங்க" என்பார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வயது நாற்பது தாண்டியாயிற்று, கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஊசியைக் கண்டால் மட்டும் கால்கள் என் பேச்சைக் கேட்காது. பள்ளியில் தடுப்பூசி போட வந்த அன்று ஜன்னல் வழியாகக் குதித்து, கண்மாய்க்கரை வரை ஓடியவன். "ரெண்டு பிள்ளை பெத்திருக்கேன், ஒரு ஊசிக்கு நீங்க இந்தப் பாடு படுத்துறீக" என்பாள் என் மனைவி செல்வி.

கல்லூரியில் எல்லோரும் சர்க்கரை பார்த்துச் சான்று தர வேண்டும் என்று உத்தரவு வந்தபோதுதான் அவர் கையில் சிக்கினேன். கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். எனக்கு வியர்த்தது.

"தம்பி, டியூப் லைட்டச் சுத்தி அந்துப்பூச்சி வருதே, பாத்திருக்கீகளா?"

"ம்."

"அதுல ஒரு சாதிக்குக் காட்டேரி அந்துப்பூச்சின்னு பேரு. மத்ததெல்லாம் தேன் குடிக்கும். இது தோலைத் தொளச்சு ரத்தம் குடிக்கும். வாயி ரம்பம் மாதிரி. உள்ள விட்டு ஆட்டி ஆட்டி இறக்கும்."

"அது வெளிநாட்டுலதான சார்?"

"நம்ம நாட்டுலயும் இருக்காம்." என் தோளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "தம்பி, அசையாதீக."

மூச்சையே நிறுத்திவிட்டேன். பிடரியில் ஏதோ ஊர்ந்தது. பிறகு தெரிந்தது, அது என் வியர்வை.

"முடிஞ்சிருச்சு. பஞ்சை அமுக்கிப் பிடிங்க."

ஊசி எப்போது போனது, எப்போது வந்தது, எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் விளக்கு எரியவில்லை. பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் படித்தார்கள்.

பிறகு பழகியபோது கேட்டேன், இதெல்லாம் எங்கே பிடித்தீர்கள் என்று. "ஊரு இந்தப் பேரை வச்சிருச்சு. இதே பேருல உலகத்துல வேற யாரு யாரு இருக்காகன்னு தேடிப் பாக்க வேணாமா? பங்காளிகள்ல!" என்றார். பங்காளிகளை ஒரு நீள நோட்டில் சேர்த்து வைத்திருந்தார். வருகிற ஆளின் பயத்தைப் பார்த்து ஒரு பங்காளியை அவிழ்த்துவிடுவார்.

ஐ.டி.ஐ. வாத்தியார் ஒருவருக்குக் கிடைத்தது கடல் பங்காளி. வெளிச்சமே எட்டாத ஆழத்தில், கறுப்பு அங்கி போர்த்த மாதிரி, உடம்பையே குடைபோலப் புரட்டி முள்ளைக் காட்டும் பிராணி. "வெள்ளக்காரன் அதுக்கு நரகத்துக் காட்டேரிக் கணவாய்னு பேரு வச்சிருக்கான் சார்." வாத்தியார் அன்றோடு கணவாய் வறுவலை விட்டார். அந்தப் பிராணி ரத்தமே குடிப்பதில்லை, மேலிருந்து உதிரும் குப்பையைத் தின்று பிழைக்கிறது என்பதைக் காட்டேரி சார் ஊசியை உருவிய பிறகுதான் சொன்னார். அதற்குள் வாத்தியாருக்குக் காது அடைத்திருந்தது.

ஒரே ஒருவரிடம்தான் அவர் தோற்றார். ஒக்கூரிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் நம் ஊர்க் காட்டேரியைப் பற்றி ஆரம்பித்திருக்கிறார். அந்த அம்மா நிதானமாக, "எங்க வீட்டுச் சாமியே காட்டேரிதான். வருசா வருசம் படையல் போடுறோம். ஒரு வருசம் விட்டுப்போச்சு. பட்டப்பகல்ல, வாசல்ல வந்து நின்னுச்சு. என்ன கேட்டுச்சுன்னு சொல்லவா?" என்றார். காட்டேரி சாருக்கு நரம்பு தப்பிவிட்டது. அவர் ஒரே ஆளை இரண்டு முறை குத்தியது அன்று மட்டும்தான். என்ன கேட்டது என்பதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

போன ஐப்பசி மழையில் எனக்கு டெங்கு வந்தது. தினமும் ரத்தத்தில் தட்டணுக்களை எண்ண வேண்டும் என்றார் டாக்டர். அதாவது தினமும் ஊசி. தினமும் ஒரு பங்காளி. முதல் நாள் செடிமேல் படர்ந்து சாற்றை உறிஞ்சும் கொடி. இரண்டாம் நாள் மற்ற பறவைகளைக் கொத்தி ரத்தம் குடிக்கும் ஏதோ ஒரு தீவுக் குருவி. மூன்றாம் நாள், அணைத்த பிறகும் கரண்ட் குடிக்கும் டி.வி.; வீட்டுக்கு வந்து எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் படுத்தேன்.

நாலாம் நாள் என் வாயைப் பார்த்தவர் எந்தப் பங்காளியையும் அவிழ்க்கவில்லை.

"கைய நீட்டுங்க தம்பி" என்றார். குரல் பஞ்சுபோல இருந்தது. பட்டையை மெதுவாகக் கட்டினார். "வலிக்குதா?" என்று கேட்டார். அந்த மனிதர் யாரையும் அப்படிக் கேட்டதே கிடையாது.

"சார், பங்காளி கதை சொல்லுங்க சார்."

"இன்னைக்கு வேணாம்."

"சின்னதா ஒண்ணாவது..."

அவர் ஊசியை எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஊசி தோலுக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். கூட வந்த செல்வி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே போய், சற்று நேரத்தில் போனைக் காதில் வைத்தபடி வந்தார். ஈறில் ரத்தம் கசிந்தது எனக்கு அப்போதுதான் நாக்கில் தெரிந்தது.

"தங்கச்சி, தட்டணு ரொம்ப எறங்கிருச்சு. டாக்டர்ட்ட பேசிட்டேன். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. வீட்டுக்குப் போயிட்டு வாரோம்னு சொல்லாதீக. இப்பவே."

கோட்டைக் கழற்றி மாட்டினார். நிலையத்தைப் பூட்டிவிட்டு அவரும் எங்களோடு காரில் ஏறினார். ஊரில் யாருக்கு என்ன வகை ரத்தம் என்பது அவருக்கு மனப்பாடம். என் வகை அபூர்வமாம். தெரிந்தவர்களில் இரண்டே பேர். இரண்டு பேரையும் போனில் பிடித்தார். "பேக்கரியைப் பையன்ட்ட விட்டுட்டு வாங்கண்ணே. காரணம் அப்புறம் சொல்றேன்."

திருப்பத்தூர் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வவ்வால் பங்காளியப் பத்தி நான் யாருட்டயும் முழுசா சொன்னதில்ல" என்றார். "அது குடிக்கிறது ரத்தந்தான். ஆனா இன்னொரு வவ்வால் பட்டினியாத் திரும்பி வந்துச்சுன்னா, தான் குடிச்சதைக் கக்கி அதுக்கு ஊட்டும்."

"இதை ஏன் சார் இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா யாரு பயப்படுவீக?"

அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று புரிந்தது. அதனால் இன்னும் பயந்தேன்.

மதுரையில் என்னைப் படுக்கவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். செல்வியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. இவ்வளவுதான் போல என்று நினைத்து, மூத்த மகளின் பள்ளிக்கூட பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று செல்வியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குத் தெரியாததா?

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் உயர்ந்தது.

"காட்டேரின்னு ஒரு ஜெட் விமானம் இருந்துச்சுண்ணே! நம்ம விமானப்படையிலயும் ஓட்டினாக. மூக்கும் நடு உடம்பும் எதுல செஞ்சது? மரப்பலகை! உக்காந்திருக்க எடத்துக்குப் பின்னாடியே நெருப்பு! ஆபத்துன்னா தூக்கி எறியிற சீட்டும் ஆரம்பத்துல கெடையாது! வானத்துல நீங்க மட்டும், மரப்பெட்டிக்குள்ள..."

"ஐயோ! இறக்கி விடுங்கய்யா என்னைய!" என்று எனக்கு ரத்தம் கொடுக்க வந்த பேக்கரிக்காரர் அலறினார்.

"அவ்வளவுதாண்ணே, ஊசி ஏறிருச்சு."

அந்த அலறலைக் கேட்டபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அவர் மறுபடி ஆளை மிரட்ட ஆரம்பித்துவிட்டார் என்றால் நான் பிழைத்துக்கொள்வேன் என்று தோன்றியது. செல்வியும் அழுதபடியே சிரித்துவிட்டாள்.

ஆறு நாளில் வீடு திரும்பினேன். இப்போது எனக்கு ஒரு நோயும் இல்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை அந்த மாடிப்படி ஏறுகிறேன். "டாக்டர் என்ன டெஸ்ட்டு எழுதியிருக்காக தம்பி?" என்று கேட்பார். யாரும் எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்துவிடுவேன்.